வேலி இருந்த இடம்

ஜூன் 2

தம்பிக்கு,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். நானேதான். விலாசம் உன் மனைவி கொடுத்தது, அவளைத் திட்டாதே. மலையில் காட்டுத்தீயில் டவரும் எரிந்துபோனதால் போன் கிடையாது. இருந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன். போனில் நாம் இரண்டு பேரும் நலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதுவே பெரிய நிம்மதி.

உன் தோள் ஆறிவிட்டதா? அதை முதலில் எழுது.

நாங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் இருக்கிறோம். அரசாங்கம் வரிசையாகத் தகர அறைகள் போட்டுக் கொடுத்திருக்கிறது. மழை தூறினால் கூரை போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. உன் அத்தான் மாவுக்கட்டுக் காலை நீட்டினால் கதவைச் சாத்த முடிவதில்லை. "இது காலு இல்ல, கதவுக்கு வெச்ச முட்டு" என்கிறார். தீப்பிடிப்பதற்குச் சில நாள் முன்னால், நான் விரிப்பு வெளுத்துக் கொடுத்த லாட்ஜின் மாடிப்படியில் உருண்ட மனிதருக்கு இன்னும் பேச்சு மட்டும் குறையவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வீடு எரிந்தவர்களுக்கு அஸ்திவாரம், சுவர், கூரை மூன்றையும் அரசாங்கமே கட்டித் தருகிறது. உள்வேலை நம்முடையது. தெருத் தெருவாக வருகிறார்கள். மழைக்கு முன்னால் நம் மேல் தெரு முடிந்துவிடுமாம். ஒரே நிபந்தனை, பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லையை ஒத்துக்கொள்ள வேண்டும். நிலப்பதிவு ஆபீஸே சாம்பலாகிவிட்டதால் நாம் சொல்வதுதான் எல்லை. இதைக் கேட்டதும் ஊரில் எல்லோருடைய நிலமும் வளர ஆரம்பித்துவிட்டது. முடிவெட்டுகிறவர் தன் கடை வாசல் தபால் பெட்டிவரை இருந்தது என்று சத்தியம் செய்கிறார். சவரத்துக்கு உட்கார்ந்தவனின் கால் தெருவில் நீட்டிக்கொண்டிருந்த கடை அது!

நமக்கு நடுவில் இருக்கும் துண்டு நிலத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். அப்பா பிரித்துக் கொடுத்தபோது யாருக்கென்று சொல்லாமல் விட்டுப்போன துண்டு. அதில் நான் லாட்ஜ் விரிப்புகளை உலர்த்தினேன், நீ பலகை அடுக்கினாய். என் விரிப்பில் உன் மரத்தூள், உன் பலகையில் என் ஈரம். இதற்காக நாம் இரண்டு வருஷம் பேசவில்லை. நீ தெருப்பக்கமும் சேர்த்து அடைத்து வேலி போட்டாய். உன் மகள் சிட்டுதான் நமக்குள் தூது போனாள்.

சர்வேயரிடம் என் எல்லையைச் சொல்லிவிட்டேன். நீ உன்னுடையதை எழுதி அனுப்பு. என்ன எழுதினாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். இந்த வாக்கைப் பத்திரமாக வைத்துக்கொள், மறுபடி கிடைக்காது.

தீ வந்த அன்று நீ கடப்பாரையோடு வந்து உன் வேலியை நீயே உடைத்து, அத்தானை முதுகில் தூக்கிக்கொண்டு கீழ் ரோட்டுக்கு இறங்கினாய். உன்னிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குள் உன்னை ஒரு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். இப்போதும் எழுத உட்கார்ந்தால் அந்த வார்த்தை வரமாட்டேன் என்கிறது. வரும்போது எழுதுகிறேன்.

அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்கா,

உறையைத் திருப்பிப் பார்க்கவில்லை. அப்படியே சிட்டுவிடம் கொடுத்து, "உங்க அத்தை திட்டியிருந்தா படிக்காத, திட்டலைன்னா சத்தமா படி" என்றேன். அவள் சத்தமாகப் படித்தாள். உன் வீட்டு நாத்தனார், அதாவது என் மனைவி, அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்று கேட்டாள். இல்லை, தப்பு, நீதான் அவளுக்கு நாத்தனார். இரண்டு வருஷத்தில் உறவுமுறையே மறந்துவிட்டது பார்.

தோள் ஆறிவிட்டது. கையைத் தூக்கினால் கொஞ்சம் இழுக்கிறது. இங்கே ஒரு கம்பெனியில் ஆபீஸ் அலமாரி செய்கிறேன். செய்கிறேன் என்பது பெரிய வார்த்தை. மரத்தூளை அழுத்திச் செய்த அட்டையை மிஷின் வெட்டித் தள்ளுகிறது, நான் திருகாணி போடுகிறேன். உன் விரிப்பில் ஒட்டியதே, அந்தத் தூளை அள்ளிக்கொண்டு வந்திருந்தால் இங்கே நான் முதலாளி.

வீடு ஒரு மாடியில், ஒரு அறை. வெயிலில் சுவர் கொதிக்கிறது. சிட்டு யாராவது தீக்குச்சி உரசினால் எழுந்து வெளியே போய் நின்றுகொள்கிறாள். சொன்னால் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதை விட்டுவிட்டோம். மனைவி திரும்பிப் போகலாம் என்கிறாள். எனக்கு மனம் வரவில்லை, ஏன் என்று இன்னொரு நாள் எழுதுகிறேன்.

புது விதிகள் கொண்ட அரசாங்கத் துண்டுத்தாளை இங்கேயும் கொடுத்தார்கள். கூரையில் மரம் கூடாது, வேலியில் மரம் கூடாது, வீட்டை ஒட்டி மரம் அடுக்கக் கூடாது. எல்லாம் சரிதான், கண்ணால் பார்த்தவன் எப்படி மறுப்பேன். கடைசியில், "தச்சனும் கூடாது" என்று இருக்கிறதா என்று பின்பக்கமும் பார்த்தேன். அந்த அளவுக்குப் போகவில்லை. கதவும் உள்வேலையும் மரத்தில் இருக்கலாமாம்.

எல்லையை எழுதி அனுப்பிவிட்டேன். உனக்குப் பிடிக்கும். கேட்காதே, ஆபீஸில் தெரிந்துகொள்.

அத்தானை நொண்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்ற வேண்டாம் என்று சொல். சொன்னால் கேட்கமாட்டார், சொல்லி வை.

தம்பி


ஜூலை 1

அடேய்,

சண்டைக்கு வரமாட்டேன் என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

சர்வேயர் வந்தாள். சின்னப் பெண், கொண்டையில் எப்போதும் பென்சில் செருகியிருக்கும், அதைத் தலை முழுக்கத் தேடுவாள். நான் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"அம்மா, உங்க நிலம் பழைய வேலியோட முடியுதுன்னு சொன்னீங்க. நடுத்துண்டு தம்பியோடதுன்னு."

"ஆமா."

"உங்க தம்பி, அவரு நிலம் பட்டறைச் சுவரோட முடியுதுன்னு எழுதியிருக்காரு. நடுத்துண்டு அக்காவோடதாம்."

"அவன் கிடக்கான். நீங்க நான் சொன்னதை எழுதுங்க."

"அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா. எனக்கு எனக்குன்னு அடிச்சுக்கறவங்களுக்கு எங்ககிட்ட வழி இருக்கு. தினமும் அதைத்தான் பண்றேன். உனக்கு உனக்குன்னு அடிச்சுக்கறவங்களுக்கு மேலாபீஸ்ல வழியே வைக்கல."

உன் அத்தான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் ஒத்துப்போகாதவரை நம் இரண்டு வீட்டுக்கும் அஸ்திவாரம் கிடையாதாம். மேல் தெருவில் நமக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குழி தோண்டிவிட்டார்கள். நம் இடத்தில் மட்டும் கரியும் காட்டுச்செடியும் நிற்கிறது. போகிறவன் வருகிறவனெல்லாம், "இன்னும் தீரலையா உங்க சண்டை?" என்று கேட்டுவிட்டுப் போகிறான். இந்தத் தடவை நாம் சண்டையே போடவில்லை என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

ஒழுங்காக அந்தத் துண்டை எடுத்துக்கொள். உனக்குப் பலகை வைக்க இடம் வேண்டும். அடுக்கக் கூடாது என்றால் தகரக் கொட்டகை போட்டு வை. லாட்ஜே எரிந்துபோன பிறகு நான் யார் விரிப்பை உலர்த்தப் போகிறேன்? அது திரும்ப எழுந்தாலும் மிஷினில் உலர்த்துவார்கள்.

எங்களுக்கு உயிரைக் கொடுத்தவனுக்கு ஒரு முழத் துண்டு நிலம் கொடுக்கக்கூட எனக்கு உரிமை இல்லையா? உடனே மாற்றி எழுது.

அக்கா


ஜூலை 10

அன்புள்ள அக்கா,

மாற்றி எழுதமாட்டேன். திரும்பி வர ஏன் மனம் வரவில்லை என்று எழுதுவதாகச் சொன்னேனே, இதற்கும் அதே காரணம்தான், இப்போது எழுதுகிறேன். நிதானமாகப் படி.

கோபத்தில் செய்கிற வேலை எனக்கு எப்போதுமே கச்சிதமாக வரும். அந்த வேலிக்கு வைரம் பாய்ந்த மரமாகப் பொறுக்கினேன். ஆணியை நம்பாமல் விளிம்பில் காடிப் பள்ளம் வெட்டி, பலகைக்குள் பலகை இறக்கினேன். அக்கா வீட்டுக் காற்றுகூட இந்தப் பக்கம் வரக் கூடாது என்று அவ்வளவு இறுக்கம். முடித்துவிட்டுக் கையால் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

தீ வந்த நாள் நண்பகலில் அதே வேலியைக் கடப்பாரையால் அடித்தேன். அசையவில்லை. அந்தப் பக்கம் நீ இருமுகிறாய். பலகை இடுக்கில் அத்தானின் வெள்ளை மாவுக்கட்டு தெரிகிறது. தெருவிலிருந்து சூடு வருகிறது. நானும் அடிக்கிறேன், அடிக்கிறேன், காடியில் இறங்கிய பலகை விடமாட்டேன் என்கிறது. என் தொழிலில் எத்தனையோ பேர் என் வேலையைப் பாராட்டியிருக்கிறார்கள். அன்றுதான், இதை ஏன் இவ்வளவு நன்றாகச் செய்து தொலைத்தேன் என்று அழுதேன். உனக்குக் கேட்டிருக்காது, தீயின் சத்தம் அப்படி.

கடைசியில் ஒரு பலகை பிளந்தது. மற்றது உனக்குத் தெரியும்.

ஆகவே அந்தத் துண்டில் என்னால் கால் வைக்க முடியாது. அதை என்னுடையது என்று ஒரு தாளில் எழுதினால் மறுபடி நான் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பதுபோல் இருக்கும். நீ எடுத்துக்கொள். விரிப்பு இல்லையென்றால் புடவையை உலர்த்து. இல்லையென்றால் அத்தானை உட்காரவைத்து உலர்த்து.

உயிரைக் கொடுத்தவன் என்றெல்லாம் எழுதாதே. முதுகு வலிதான் கொடுத்தேன், அதுவும் எனக்கே. அத்தான் பார்க்கத்தான் ஒல்லி.

தம்பி


ஜூலை 24

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் வெளியே போய்க் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றேன். குழாயில் தண்ணீர் வரவில்லை, சும்மாதான் நின்றேன். அத்தான் அதற்குள் கடிதத்தை எடுத்துப் படித்திருக்கிறார். திரும்பி வந்தால், "எம் மச்சான் என்னை ஒல்லின்னு எழுதிட்டான், பாத்தியா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை என்பது நிஜம். வேலி பிளந்த பிறகு நான் உன் முதுகையும் அவர் காலையும் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அதனால்தான் இப்போது சொல்லப்போவது எனக்கே நேற்றுவரை தெரியாது.

நேற்று சர்வேயர் மறுபடி வந்தாள். ஆகஸ்ட் நடுவுக்குள் முடிவு சொல்லாவிட்டால் நம் இரண்டு வீடும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போய்விடும் என்றாள். மழைக்காலம் முழுக்க இந்தத் தகரத்துக்குள். அத்தானுக்குக் குளிர் ஆரம்பிக்கும் முன்பே கால் குடைகிறது, சொல்லாமல் மறைக்கிறார். எனக்குக் கோபம் வந்து அவளிடமே கத்திவிட்டேன். அந்தச் சத்தத்துக்கு முடிவெட்டுகிறவர் வந்தார், அவர் மனைவி வந்தாள், கடைசி வீட்டு டீச்சர் வந்தாள். நியாயம் கேட்க வந்தவர்கள் என்று நினைத்தேன்.

டீச்சர் சொன்னாள். "அந்தத் துண்டை யாருக்கும் கொடுக்காதீங்க. நாங்க அது வழியாத்தான் உயிரோட வந்தோம்."

தெரு முனையில் கம்பம் எரிந்து விழுந்ததும் மேல் தெருவில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் நம் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். என் முற்றத்துக்குள் ஓடிவந்து, முட்டுச்சந்து என்று நினைத்து நின்றபோது, உடைந்த வேலி தெரிந்திருக்கிறது. அதற்குள் நுழைந்து கீழ் ரோட்டுக்கு இறங்கியிருக்கிறார்கள். முடிவெட்டுகிறவர் தன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். நாம் முன்னால் போனோம், திரும்பிப் பார்க்கவில்லை. உனக்கும் தெரியாதுதானே?

அது முடிந்ததும் சர்வேயர் பென்சிலைத் தேடி எடுத்து, "ரெண்டு பேருமே வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா அதைப் பொது வழின்னு கேட்கலாம். ஆனா உங்களுக்குச் சேதம் இருக்கு" என்றாள். பொது வழி என்றால் இரண்டு வீட்டுச் சுவரும் அதிலிருந்து தள்ளி நிற்க வேண்டுமாம். என் பின்னறை போகும். உன் பட்டறையில் ஒரு பக்கம் போகும். மேலாபீஸ் ஒப்புக்கொள்ளும் என்று அவளால் உறுதி சொல்ல முடியாது. மறுத்தால் இந்த வருஷம் வீடு இல்லை.

என் பின்னறை போனால் போகட்டும், அதில் பழைய பக்கெட்டுகள்தான் இருந்தன. உன் பட்டறையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். நீ அதில் சோறு தின்றவன். வேண்டாம் என்றால் வேண்டாம், நான் துண்டை என் பெயரில் எழுதிக்கொண்டு உன்னைத் திட்டிக்கொண்டே இருந்துவிடுகிறேன். யோசித்து எழுது. ஆனால் சீக்கிரம் யோசி.

அக்கா


ஆகஸ்ட் 1

அக்கா,

யோசிக்கவில்லை. சரி.

அவர்கள் பின்னால் வந்தது எனக்குத் தெரியாது. சிட்டுவிடம் படித்துக் காட்டினேன். "அப்போ நீ ஒடச்சது நல்லதா போச்சாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றைய நாளைப் பற்றி அவள் வாயைத் திறந்தது இதுதான் முதல் தடவை. நிறையப் பேசினாள். நான் அலமாரிக் கம்பெனிக்கு லேட்.

பட்டறையைப் பற்றிக் கவலைப்படாதே. ஒரு பக்கம் குறைந்தால் நீளப் பலகையைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அறுப்பேன். முடிவெட்டுகிறவர் கடையில் கால் தெருவில் நீண்டிருந்தால் என் கடையில் பலகை நீண்டிருக்கட்டும்.

இரண்டு நிபந்தனை. ஒன்று, அந்த வழியின் எந்த முனையிலும் கதவு கூடாது. திறந்தே இருக்கும் கதவுகூடக் கூடாது. ஒரு தச்சன் வேண்டாம் என்று சொல்கிற முதல் கதவு இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, அகலம். அதை டேப்பால் அளக்க விடாதே. சர்வேயரை நிற்கச் சொல், நான் வருகிறேன். அத்தானை முதுகில் தூக்கிக்கொண்டு மேலிருந்து கீழே நடக்கிறேன், நீ என் பக்கத்தில் நட. அன்று நான் உடைத்த இடைவெளியில் நீ பின்னால்தான் வர முடிந்தது. நான் திரும்பித் திரும்பி உன்னைத் தேடினேன். புகையில் நீ தெரியவே இல்லை. இனிமேல் யாராவது அப்படித் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தால், கூட வருகிறவர் பக்கத்தில் வர இடம் இருக்க வேண்டும். அந்த அகலத்துக்கு இரண்டு பக்கமும் முளை அடிக்கட்டும்.

வியாழக்கிழமை காலைப் பஸ்ஸில் வருகிறேன். அத்தானைக் குறைவாகச் சாப்பிடச் சொல்.

தம்பி


செப்டம்பர் 9

என் அன்புத் தம்பிக்கு,

நீ வந்துபோன மறுநாளே எழுதியிருக்க வேண்டும். மேலாபீஸ் பதில் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் இந்த அகலம் எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்டார்களாம். சர்வேயர், "ஒருவர் சுமக்க, ஒருவர் உடன் நடக்க" என்று எழுதிவிட்டாள். இப்படியும் ஒரு கணக்கா என்று அங்கே இரண்டு நாள் சிரித்திருக்கிறார்கள். மூன்றாவது நாள் அனுமதி வந்தது.

அகலம் பார்க்க அன்று நீ அத்தானைத் தூக்கியபோது ஊரே வேடிக்கை பார்த்தது. அவர், "கொஞ்சம் வேகமா போ, மானம் போகுது" என்று உன் காதில் கத்திக்கொண்டே வந்தார். நான் உன் பக்கத்தில் வந்தேன். உன் முழங்கை என் கையில் இடித்துக்கொண்டே வந்தது. பக்கத்தில் நடந்தால் உன் முகம் தெரிகிறது. அதைத்தான் நீ சொன்னாய், எனக்கு நடந்து பார்த்தபோதுதான் புரிந்தது. கீழ் ரோட்டுக்கு வந்ததும் நீ அவரை இறக்கிவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டாய். நான் பேச வாயெடுத்தேன். அந்தப் பாழாய்ப்போன பஸ் ஹாரன் அடித்தது.

ஆகவே இங்கே எழுதுகிறேன். நீ எங்களைக் காப்பாற்றினாய். எனக்கு உன்மேல் கோபம் இருந்த அந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட, எனக்கு ஆபத்து என்றால் நீ வரமாட்டாய் என்று நான் நினைத்ததில்லை. அதைச் சொல்லாமலேயே செத்துப்போயிருப்பேன். நன்றி என்ற வார்த்தை தம்பிக்குச் சொல்லும் வார்த்தை இல்லை என்று அத்தான் சொல்கிறார். இருக்கட்டும், நான் சொல்லிவிட்டேன்.

இரண்டு வீட்டுக்கும் அஸ்திவாரம் போட்டாயிற்று. உன் பக்கத்துச் சுவர் இடுப்பளவு எழுந்துவிட்டது, என்னுடையதைவிட உயரம், கான்ட்ராக்டரிடம் கேட்டிருக்கிறேன் ஏன் என்று. கூரை மழைக்கு முன் வந்துவிடுமாம். வழியில் படிகளுக்குக் கல் பதித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இப்போதே அதில்தான் போகிறார்கள். சிட்டு வந்ததும் அவளுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பாதித் தூரம் மிச்சம்.

உள்வேலைக்கு மரம் பார்த்து வைத்திருக்கிறேன். என் வீட்டுக் கதவை நீ கோபமாக இருக்கும்போது செய், அப்போதுதான் நன்றாக வரும். உன் வீட்டுக் கதவுக்கு அவசரமில்லை. வந்ததும் கொஞ்ச நாள் என் வீட்டில்தான் சாப்பாடு.

தபால் வேன் கீழ் ரோட்டில்தான் நிற்கும். நேற்று மாவுக்கட்டை எடுத்துவிட்டார்கள். இந்தக் கடிதத்தைப் போடப் போவது அத்தான். கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று, எழுதி முடி, எழுதி முடி என்று அரிக்கிறார். அந்த வழியாக இறங்கப் போகிறார், தன் காலால். நான் பக்கத்தில் நடக்கிறேன்.

அக்கா